மாலையில் இடப்பக்கம் ஒதுங்கிய குறி: கல்லடியில் ஓர் எயார் ரைபிள் சைட் ஆய்வு

ஒரே பிள்ளை, ஒரே ரைபிள், ஒரே டின் பெல்லட் (ரைபிளில் போடும் சின்னக் குண்டு). காலை எட்டு மணிக்குப் பத்துச் சூட்டில் 82 புள்ளி. அதே நாள் பின்னேரம் நாலரைக்கு 69. அடுத்த சனிக்கிழமை காலை 81, பின்னேரம் 68. களைப்பு என்றார் ஒருவர். மத்தியானச் சோறு என்றார் இன்னொருவர். பரீட்சைப் பயம் என்று பிள்ளையின் வகுப்பாசிரியை சொன்னார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைதானே. நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். இரண்டு கிழமையும் ஒரே அளவில் திரும்பி வந்த பிழையைக் களைப்பின் தலையில் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. பின்னேரத் தாள்களை எடுத்துப் பார்த்தால் ஓட்டைகள் பரந்திருந்தன, அதோடு கூட்டமாக இடப்பக்கம் ஒதுங்கியும் இருந்தன. களைத்த கை பரப்பிச் சுடும். ஆனால் இரண்டு கிழமையும் ஒரே பக்கமாக நாலு மில்லிமீற்றர் ஒதுக்கிச் சுடுமா?

எயார் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) பழக்குகிற வேறு பாடசாலைகளும் இதே வழியில் தடுமாறக்கூடும் என்பதால், அந்த இரண்டரை மாத வேலையை முழுதாக எழுதி வைக்கிறேன். நாங்கள் வீணாக்கிய நாட்களும் இதில் அடக்கம்.

இடமும் ரைபிளும்

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நாங்கள் பழகுகிற மண்டபமும் இரண்டுக்கும் நடுவில்தான். கிழக்கு யன்னலில் காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து வரும். மேற்கு யன்னலில் பின்னேர வெயில் வாவித் தண்ணீரில் பட்டுத் தெறித்து வரும். சுடும் திசை வடக்கு. அதனால் காலையில் வெளிச்சம் வலப்புறம், பின்னேரம் இடப்புறம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேரக் கூச்சம் தாங்காமல் மேற்கு யன்னல்களைச் சாத்திவிடுவோம். இந்தச் சின்ன வழக்கம் கதையில் பிறகு பெரிதாக வரும்.

ரைபிள் 4.5 மில்லிமீற்றர் குழல் கொண்டது, குழலை மடித்துச் சுருள்வில்லை இழுத்து வைக்கும் பழைய வகை. பாடசாலையின் பொறுப்பில், அனுமதியோடு, இரட்டைப் பூட்டுப் போட்ட அலுமாரியில் இருப்பது. குறிபார்க்கும் சைட் இரண்டு: பின்னால் துளை சைட், முன்னால் வளையம் போடும் சைட். இரண்டுக்கும் இடைத்தூரம் 70 சென்ரிமீற்றர். மேசையில் வைத்து நானே அளந்தேன்.

10 மீற்றர் போட்டியின் இலக்கு எவ்வளவு சிறியது என்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். முழு வட்டமும் 45.5 மில்லிமீற்றர். கறுப்புப் பகுதி 30.5. பத்தாம் புள்ளி வெறும் 0.5 மில்லிமீற்றர், பேனா முனை வைத்த பொட்டுத்தான். ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்கு 2.5 மில்லிமீற்றர். ஆகவே நாலு மில்லிமீற்றர் ஒதுங்கினால் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் போய்விடும். 2018 முதல் பெண்களுக்கும் ஆண்களைப் போல 60 சூடு. நம் நாட்டின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் நின்று சுட்டது இந்தப் போட்டியில்தான். எங்கள் பிள்ளை அவருடைய படத்தைக் கணக்குக் கொப்பியின் உள் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

அம்மா

எங்கள் பக்கத்தில் துப்பாக்கி என்பது விளையாட்டுச் சொல் அல்ல. போர் முடிந்த 2009 வரை அந்தச் சொல்லைப் பயத்தோடு மட்டும் கேட்ட வீடுகள் இவை. பிள்ளையைச் சேர்க்கும்போது தாய் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"சேர், எங்கட வீட்ட அந்தப் பேரையே எடுக்கிறதில்ல. இப்ப பிள்ள அதத் தூக்கிக்கொண்டு நிக்கிறாள் எண்டா எனக்கு நெஞ்சு பதறுது."

அவருக்கு நான் நியாயம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கூட்டிப்போய் மண்டபத்தைக் காட்டினேன். பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதன் பின்னால் மணல் மூட்டை, சுடும் கோடு, யாராவது கோட்டைத் தாண்டினால் எல்லா ரைபிளும் திறந்தபடி மேசையில் கிடக்க வேண்டும் என்ற சட்டம், எல்லாவற்றையும் பார்த்தார். "சரி, மறுகா பாப்பம்" என்று போனவர் அடுத்த கிழமை பிள்ளையை அனுப்பினார். அந்த அம்மா என்னை நம்பி அனுப்பிய பிள்ளை. புள்ளி குறையும்போது பிழை அவளில் என்று சொல்வதற்கு முன் இரும்பையும் கண்ணாடியையும் வெளிச்சத்தையும் சோதித்துப் பார்ப்பது என் கடமை என்று நினைத்தேன்.

கட்டாரில் இருந்து வந்த ஸ்கோப்

ஆனால் சோதனையை நான் தொடங்கவில்லை, பிள்ளையின் மாமாதான் தொடங்கினார். அவர் கட்டாரில் வேலை செய்கிறார். மருமகளின் புள்ளி குறைகிறது என்று கேள்விப்பட்டு, லீவில் வந்தபோது 3-9x40 ஸ்கோப் (ரைபிளின் மேல் பூட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒன்றை ஆசையோடு வாங்கி வந்தார். அதாவது 3 முதல் 9 மடங்கு பெருப்பிக்கும், முன் வில்லை 40 மில்லிமீற்றர். போட்டியில் ஸ்கோப் போட விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்காவது பிழை எங்கே என்று காட்டுமே என்று பூட்டினேன். மூன்று சனிக்கிழமை அதில் போயிற்று. இருந்தாலும் அந்த மூன்று கிழமையும் சொல்லித் தந்தது நிறைய.

முதல் நாளே படம் மங்கல். கடையில் விற்கும் ஸ்கோப்புகளில் பெரும்பாலானவை 100 யார், அதாவது 91 மீற்றர் அளவுக்குப் பொருத்தி வருகின்றன. 10 மீற்றரில் இலக்கின் படமும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் விழாது. கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் கம்பி இலக்கின் மேல் நகரும். இதைக் கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். வில்லையின் அரை விட்டம் 20 மில்லிமீற்றர். 91க்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை 91ஆல் பிரித்து அதோடு பெருக்கினால் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் வரும். கண் வில்லையின் விளிம்பு வரை ஒதுங்கினால் வரக்கூடிய மிகப் பெரிய பிழை அது. நடைமுறையில் அதில் ஒரு பங்குதான் வரும். ஆனால் 2.5 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி போகிற இடத்தில் அந்தப் பங்கே போதும்.

இரண்டாவது காரியம் மூன்றாம் சனிக்கிழமை நடந்தது. குறுக்குக் கம்பி சாய்ந்துவிட்டது. ஸ்கோப்பை ஆட்டினால் உள்ளே ஏதோ கடகடவென்றது. சுருள்வில் ரைபிளில் இது நடக்கக்கூடியதுதான். விசையை இழுத்ததும் வில் பிஸ்டனை முன்னே தள்ளும், ரைபிள் பின்னே வரும். மறுகணம் பிஸ்டன் உருளையின் முன் முனையில் போய் நிற்கும்போது ரைபிள் முன்னே உதறும். ஒரே சூட்டில் இரண்டு திசையிலும் உதறல். பின்னோக்கிய உதைக்கு மட்டும் என்று கட்டிய ஸ்கோப் அந்த முன் உதறலைத் தாங்காது. சுருள்வில் ரைபிளுக்கு ஸ்கோப் வாங்குகிறவர்கள் இரண்டைக் கட்டாயம் கேட்க வேண்டும்: இந்த வகை ரைபிளுக்கென்று செய்ததா, முன் வில்லையைத் திருகி 10 மீற்றர் வரை குவியம் கொண்டுவரலாமா. இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் காசைக் கொடுக்காதீர்கள். பெருப்பம் 9 மடங்கா 4 மடங்கா என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. நின்று சுடும் பிள்ளைக்கு 9 மடங்கு நல்லதும் அல்ல. தன் நடுக்கமும் 9 மடங்காகத் தெரிந்து, அவள் அதைத் துரத்தத் தொடங்கிவிடுவாள்.

மாமாவுக்குக் கவலை. "காசு போனாப் போகுது சேர், பிள்ளைக்குச் சரிவந்தாச் சரி" என்றார். ஸ்கோப்பைக் கழற்றித் துளை சைட்டை மறுபடி பூட்டும்போது, அவர் காசு வீணாகவில்லை என்று எனக்குப் பட்டது. ஸ்கோப்பையே குலைத்த அந்த உதறல் துளை சைட்டை மட்டும் சும்மா விட்டிருக்குமா? அதுவரை அந்தக் கேள்வி என் மூளைக்கு எட்டவில்லை.

நகப்பூச்சுக் கோடு

பிள்ளையிடம் நகப்பூச்சு ஒன்று கொண்டுவரச் சொன்னேன். சிவப்பு. பின் சைட்டின் அடிப்பாகத்திலிருந்து அது உட்காரும் தண்டவாளம் வரை மெல்லிய கோடு ஒன்று இழுத்தோம், நெடுக்காக ஒன்று, குறுக்காக ஒன்று. காய்ந்த பிறகு நாற்பது சூடு. ரைபிளைக் கடினமான தாங்கியில் வைக்கவில்லை. சுருள்வில் ரைபிள் கடினமான பொருளின் மேல் குதிக்கும், சூடு வேறு இடம் போகும். மணல் மூட்டையின் மேல் என் இடக் கையை விரித்து, உள்ளங்கையில் ரைபிளைச் சும்மா கிடக்கவிட்டுச் சுட்டேன்.

முதல் ஐந்து சூடும் கடைசி ஐந்து சூடும் தனித்தனித் தாளில். ஓட்டைக் கூட்டம் இரண்டும் ஒரே பருமன், ஆனால் இரண்டாவது ஏறத்தாழ நாலு மில்லிமீற்றர் இடப்பக்கம். ரோச் லைற் அடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். குறுக்குக் கோட்டில் மயிரிழை வெடிப்பு. கோட்டின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

எவ்வளவு நகர்ந்தால் நாலு மில்லிமீற்றர் வரும்? இரண்டு சைட்டுக்கும் இடையே 0.7 மீற்றர், இலக்குக்கு 10 மீற்றர். பத்தை 0.7ஆல் பிரித்தால் 14.3. சைட்டில் வருகிற பிழை தாளில் 14 மடங்காகத் தெரியும். நாலை 14.3ஆல் பிரித்தால் 0.28 மில்லிமீற்றர். மூன்று போட்டோகொப்பித் தாளை அடுக்கிய தடிப்பு. கையால் அசைத்துப் பார்த்து, "இறுக்கமாத்தானே இருக்கு" என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சைட் அது.

கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. தண்டவாளம் 11 மில்லிமீற்றர் புறாவால் வடிவம். சைட்டின் ஒரு பக்கத் தாடையை இரண்டு ஸ்குறூ இழுத்துப் பிடிக்க வேண்டும். உப்புக்காற்றில் ஒரு ஸ்குறூவின் மரையில் துரு ஏறியிருந்தது. அலன் கீயைத் திருப்பும்போது கைக்கு இறுகியதாகப்பட்டது துருவின் இறுக்கம், தாடையின் இறுக்கம் அல்ல. அதற்கு மேல் தண்டவாளம் முழுக்க எண்ணெய். துருப்பிடிக்கக் கூடாதென்று கிழமை தவறாமல் நான்தான் துடைத்துப் பூசினேன். குழலுக்கு நல்லது, சைட் உட்காரும் இடத்துக்கு ஆகாது.

ஸ்குறூவை மாற்றினோம். தண்டவாளத்தையும் தாடையையும் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டோம். இரண்டு ஸ்குறூவையும் மாறிமாறிக் கால் திருப்பமாக இறுக்கினோம். சைட்டின் பின்னால் தடுப்புப் பிணை ஒன்று. குழல் மடியும் இடத்தின் அச்சு ஆணியையும் பார்த்துக்கொண்டோம். அங்கே ஆட்டம் இருந்தால் முன் சைட் குழலோடு சேர்ந்து ஆடும், பின் சைட்டை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. எங்களுடையதில் அது சரியாக இருந்தது. மறுபடி நாற்பது சூடு. கோடு உடையவில்லை, கூட்டமும் நகரவில்லை.

2008 பீஜிங் ஒலிம்பிக்கில் இதே 10 மீற்றரில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்குச் சற்று முன் தன் சைட் மாறியிருந்ததைக் கண்டு திருத்தியதாகப் பிறகு சொல்லியிருக்கிறார். அன்று அவர் சரிபார்க்கும் சூட்டைச் சோம்பலோடு சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்பேன்.

கிளிக் எண்ணுதல்

சைட்டை இறுக்கிய பிறகு அதை நகர்த்தும் திருகிகளை நம்பலாமா என்று பார்த்தோம். திருகி சத்தத்தோடு ஒரு படி திரும்புவதுதான் ஒரு கிளிக். இருபது கிளிக் வலப்பக்கம், ஒரு கூட்டம். இருபது கிளிக் மேலே, ஒரு கூட்டம். இருபது இடம், இருபது கீழே. தாளில் ஒரு சதுரம் வர வேண்டும், கடைசிக் கூட்டம் முதலாவதின் மேல் விழ வேண்டும். எங்கள் சைட்டில் இருபது கிளிக்குக்கு 5 மில்லிமீற்றர், அதாவது கிளிக்குக்குக் கால் மில்லிமீற்றர். ஆனால் திசை மாற்றும்போது முதல் இரண்டு கிளிக் சத்தம் மட்டும் கொடுத்தது, சைட் அசையவில்லை. மரைத் தேய்மானம். அதனால் இப்போது ஒரு வழக்கம்: இடப்பக்கம் ஐந்து கிளிக் போக வேண்டும் என்றால் பத்துப் போய் ஐந்து திரும்பு. எப்போதும் ஒரே பக்கமிருந்து வந்து நில்.

திருகியில் உள்ள அம்புக்குறியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சில சைட்டில் அம்பு, சூடு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும். வேறு சிலவற்றில் சூடு எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் திருப்பு என்று சொல்லும். புதிதாகக் கையில் எடுத்தால் பத்துக் கிளிக் திருப்பிச் சுட்டுப் பாருங்கள். ஒரு சூட்டைப் பார்த்துத் திருத்துகிற பழக்கம் இதைவிட மோசம். ஐந்து சூட்டின் நடுவைப் பார்த்துத்தான் கை வைக்க வேண்டும்.

இன்னும் பரந்தபடி

ஒதுங்குவது நின்றது. அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கூட்டம் நடுவில் இருந்தது. ஆனால் பரப்பு அப்படியே: காலையில் 13 மில்லிமீற்றர், பின்னேரம் 22. புள்ளி 75. எனக்கு அந்த இரவு நித்திரை வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பாதிப் பிழை இன்னும் எங்கோ ஒளிந்திருந்தது.

திங்கள் இடைவேளையில் அவளிடம் கேட்டேன், "துளைக்குள்ளால பாக்கக்குள்ள என்ன தெரியுது எண்டு கீறிக் காட்டு."

அவள் மூன்று வட்டம் கீறினாள். வெளியே பின் சைட்டின் துளை, உள்ளே முன் சைட்டின் வளையம், அதற்குள் கறுப்பு இலக்கு. வளையத்துக்கும் கறுப்புக்கும் நடுவே வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து சாம்பல் நிறமாக்கினாள். "காலையில கொஞ்சம் வெள்ள தெரியும் சேர். பின்னேரம் அது இல்ல. எல்லாம் ஒண்டா ஒட்டிப்போகும்."

இந்த ஒரு படத்தை முதல் நாளே கேட்டிருந்தால் எத்தனையோ சனிக்கிழமை மிஞ்சியிருக்கும்.

வளையத்திலிருந்து தொடங்கினேன். அவள் கண்ணிலிருந்து முன் சைட் 78 சென்ரிமீற்றர். 10 மீற்றரில் உள்ள 30.5 மில்லிமீற்றர்க் கறுப்பு, முன் சைட் இருக்கும் தூரத்தில் 2.4 மில்லிமீற்றராகத் தெரியும். போட்டிருந்த வளையம் 2.8. பக்கத்துக்கு 0.2 மில்லிமீற்றர் வெள்ளை. அதை இலக்கின் இடத்துக்குக் கொண்டுபோனால் 2.6 மில்லிமீற்றர் அகலமான வெள்ளைக் கோடு. வளையம் சின்னதாக இருந்தால் குறி கூர்மையாகும் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் வெள்ளை ஒடுங்கினால் கண் அதைத் தேடும், தேடுகிற நேரத்தில் கை களைக்கும். நின்று சுடுகிறவரின் ரைபிள் அசையாமல் இருக்காது. அந்த அசைவுக்கு வெள்ளைக்குள் இடம் வேண்டும்.

ஆனால் வளையம் காலையிலும் 2.8 தானே. பின்னேரம் மட்டும் வெள்ளை ஏன் மறைகிறது?

சைட் அல்ல, கண் என்று அப்போதுதான் தோன்றியது. வகுப்பறையின் பின் சுவரில் கலண்டர் ஒன்று தொங்குகிறது. ஆறு மீற்றர் தள்ளி நின்று சின்ன எழுத்தில் உள்ள போயா தினங்களை வாசிக்கச் சொன்னேன். இடக்கண்ணை மறைத்து வலக்கண்ணால் பார்த்தாள், வாசிக்க முடியவில்லை. கொப்பி அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு அதற்குள்ளால் பார்க்கச் சொன்னேன். மடமடவென்று வாசித்தாள். ஊசித் துளையால் தெளிவு வந்தால் அநேகமாகக் கண்ணின் குவியத்தில்தான் குறை. அன்று பின்னேரமே தாயோடு பேசினேன். கண் கிளினிக்கில் பார்த்தார்கள். வலக்கண்ணுக்கு மைனஸ் 1.00, அதாவது கிட்டப்பார்வை. பதினாறு வயது வரை யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. கரும்பலகை எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்திருக்கிறாள்.

இனிப் பின்னேரத்தின் கணக்கு. மைனஸ் 1.00 கண்ணுக்கு ஒரு மீற்றருக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை. முன் சைட் 78 சென்ரிமீற்றரில் இருப்பதால் அது தெளிவு. அதனால்தான் "சைட் நல்லாத் தெரியுது" என்று அவள் உண்மையைத்தான் சொல்லிவந்தாள். இலக்கு மட்டும் மங்கல். எவ்வளவு மங்கல் என்பது துளையின் அளவைப் பொறுத்தது. துளை 1.2 மில்லிமீற்றர் என்றால் இலக்கின் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் வட்டமாகக் கரையும். 1.8 என்றால் 16 மில்லிமீற்றர். துளையே இல்லாத திறந்த சைட், கண்பாவை 3 மில்லிமீற்றர் விரிந்திருக்கிறது என்றால் 27 மில்லிமீற்றர்; கறுப்பு ஏறத்தாழ முழுவதும் அதில் கரைந்துவிடும்.

பின்னேரம் நாங்கள் மேற்கு யன்னலைச் சாத்துவோம். மண்டபம் இருளும். பின் சைட்டின் துளையைக் கூட்டிக் குறைப்பது ஐரிஸ். "இருட்டா இருந்தா ஐரிஸைத் திற" என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அவள் 1.2 இலிருந்து 1.8க்குத் திறந்தாள். 2.6 மில்லிமீற்றர் வெள்ளைக் கோட்டுக்குள் ஓரத்துக்கு 8 மில்லிமீற்றர் கரைசல் வந்து விழுந்தால் என்ன மிஞ்சும்? அவள் கீறிக் காட்டிய சாம்பல்தான் மிஞ்சும்.

பொருத்தியது

கண்ணாடி வந்த பிறகும் நேரே சரியாகவில்லை. நின்று சுடும்போது தலை ரைபிளின் மேல் சாய்கிறது. கண் கண்ணாடியின் நடுவால் பார்ப்பதில்லை, மூக்குப் பக்கத்து மேல் மூலையால் பார்க்கிறது. பிரேமின் மூக்குப் பாலத்தில் பிளாஸ்ரர் துண்டை மடித்து ஒட்டிக் கண்ணாடியை நாலைந்து மில்லிமீற்றர் உயர்த்தினோம். இப்போது கண் முன் சைட்டுக்கும் இலக்குக்கும் நடுவே ஓரிடத்தில் நிலைகொள்ளலாம், இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவு. கரைசல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வளையத்தை 2.8 இலிருந்து 3.2க்கும் அடுத்த கிழமை 3.6க்கும் மாற்றினோம். ஒரு கிழமைக்கு ஒரு மாற்றம், அதற்கு மேல் இல்லை. 3.6இல் வெள்ளை இலக்கின் இடத்தில் 7.7 மில்லிமீற்றர் அகலம். "இப்ப மூச்சு விடலாம் போல இருக்கு சேர்" என்றாள்.

இடக்கண்ணை இறுக மூடுவதை நிறுத்தினோம். ஒரு கண்ணை மூடினாலோ கறுப்புத் துணியால் மறைத்தாலோ மற்றக் கண்ணின் பாவையும் சேர்ந்து விரியும். முகத் தசையும் இழுபடும். ஐஸ்கிறீம் கப் மூடியில் வெள்ளையாக ஒரு துண்டு வெட்டி இடக்கண்ணுக்கு முன்னால் மாட்டினோம். வெளிச்சம் போகும், உருவம் தெரியாது.

ஐரிஸ் 1.1இல் நிற்கிறது, காலையும் மாலையும். இருட்டுக்கு மருந்து ஐரிஸ் அல்ல, இலக்குக்கு வெளிச்சம். சர்வதேச விதியில் உள்ளக இலக்குக்கு 1500 லக்ஸ் கேட்கிறார்கள். பழைய மாணவர் ஒருவர் இரண்டு எல்ஈடி விளக்குத் தந்தார். தாளில் பளபளப்பு விழாதபடி பக்கவாட்டில் சாய்த்துப் பூட்டினோம். அப்புறம் முன் சைட்டின் வளையத்தில் பூச்சுத் தேய்ந்து ஓரத்தில் வெள்ளி மின்னியதைக் கண்டோம். வெளிச்சம் படும் பக்கம் அது பளிச்சிட்டு வளையமே கோணலாகத் தெரியும். கற்பூரத்தைக் கொளுத்தி அந்தக் கரியைப் படியவிட்டோம். மை கூட்டிப் பழகிய ஊரல்லவா, அந்த வேலை அவளுக்கு என்னைவிட நன்றாக வந்தது.

கடைசியாகச் சாய்வு. பெல்லட் வினாடிக்கு 170 மீற்றர் அளவில் போகிறது என்றால் 10 மீற்றருக்குள் 17 மில்லிமீற்றர் விழுகிறது. சைட் அதை ஈடுகட்டித்தான் நிற்கிறது. ரைபிளை 5 பாகை சாய்த்துப் பிடித்தால் அந்த ஈடு பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீற்றராகத் திரும்பும். எல்லாச் சூட்டுக்கும் ஒரே சாய்வு என்றால் கவலையில்லை, ஆனால் அவள் முதல் சூட்டுக்கு நேராகவும் பத்தாவதுக்குச் சாய்த்தும் பிடித்தாள். தோளில் அழுத்தும் ரைபிளின் பின் தட்டை ஒரு விரல் அளவு இறக்கியதும் தலை தானாக நிமிர்ந்தது.

தாள்கள்

எல்லாம் பொருத்திய பிறகு வந்த நாலு சனிக்கிழமைகளின் பின்னேரப் புள்ளி 84, 86, 85, 88. காலையில் 86, 87, 85, 89. பின்னேரக் கூட்டம் 12 மில்லிமீற்றருக்குள் வந்துவிட்டது. இது பெரிய போட்டிப் புள்ளி அல்ல, இன்னும் நிறையத் தூரம் இருக்கிறது. விசை இழுக்கும்போது இன்னும் கடைசி நொடியில் அவசரப்படுகிறாள். அதற்கு எந்தச் சைட்டும் உதவாது, அது தனி வேலை.

நாலாவது சனிக்கிழமை தாய் வந்திருந்தார், கண்ணாடிக்குச் செலவழித்தது வேலை செய்கிறதா என்று பார்க்க. ரைபிளைத் திறந்து, குழல் வெறுமை என்று காட்டி, மேசையில் மூட்டையின் மேல் வைத்தேன். பிள்ளை சொன்னாள், "இஞ்ச பாருங்கம்மா, இந்தத் துளைக்குள்ளால." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் குனிந்தார். கையை ரைபிளில் வைக்கவில்லை, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணைத் துளைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வட்டத்துக்குள்ள வட்டம்" என்றார். "நடுவால வெள்ள."

ரைபிள் பெட்டியின் மூடிக்குள் இப்போது ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. வளையம் 3.6. ஐரிஸ் 1.1. கண்ணிலிருந்து பின் சைட்டுக்கு 8 சென்ரிமீற்றர். இடமிருந்து எண்ணினால் 46 கிளிக், கீழிருந்து 71. சைட் அடியில் எண்ணெய் பூசக் கூடாது. பயிற்சி தொடங்க முன் சிவப்புக் கோட்டைப் பார். அதன் கீழே அவளே பென்சிலால் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: கண்ணாடி துடைச்சாச்சா?